வணிகத்திற்கு வேண்டிய புகைப்படம் எது?

பட்டுப் புடவை வாங்க உங்கள் வீட்டு மூதாட்டியுடன் நீங்கள் கடைக்குச் சென்றிருக்கலாம். அவர் புடவை வாங்கும் முறையை ஊன்றிக் கவனித்ததுண்டா? கடைக்காரர் விரித்துப் போட்ட புடவையை அவர் முதலில் வாசற்பக்கம் எடுத்துச் செல்வார். கடைக்குள் எரியும் விளக்கை அவர் நம்புவதில்லை. பகல் வெளிச்சத்தில்தான் நிறம் தெரியும் என்பது அவருடைய தீர்ப்பு. பிறகு புடவையைத் திருப்பி உட்புறத்தைப் பார்ப்பார். கரையும் உடலும் சேரும் இடத்தை நகத்தால் நெருடுவார். முந்தியை முழுவதும் விரிக்கச் சொல்வார். தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நிற்பார். இறுதியில், "இது எந்த ஊர்த் தறி?" என்று கேட்பார். இவ்வளவும் முடிந்த பின்னரே விலைப் பேச்சுத் தொடங்கும்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், ஒரு வணிகத்திற்கு எவ்வகைப் புகைப்படங்கள் வேண்டும், அவற்றை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பது. அதற்கும் அந்த மூதாட்டிக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் எண்ணக்கூடும். அவர் செய்த ஒவ்வொரு செயலும் ஒரு வினா. நிறம் உண்மையானதா? நெசவு ஒழுங்கானதா? கரை உறுதியாக இணைந்திருக்கிறதா? உடுத்தினால் எப்படித் தோன்றும்? நெய்தவர் யார்? கடையில் இவ்வினாக்களுக்கு எல்லாம் புடவையே விடை சொல்லிவிடுகிறது. ஆனால் புடவை காஞ்சிபுரத்திலும், வாங்குபவர் தில்லியிலோ சிங்கப்பூரிலோ இருந்தால், இருவருக்கும் நடுவே இருப்பது புகைப்படம் ஒன்றே. அந்தப் படம் மூதாட்டியின் கண்ணுக்கும் கைக்கும் பதிலாக நின்று வேலை செய்தாக வேண்டும்.

என் பழைய மாணவர் ஒருவர் காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்தவர். கல்லூரிப் படிப்பு முடிந்ததும், வேறு வேலைக்குப் போகாமல், உறவினர்களும் அண்டை வீட்டாரும் நெய்யும் புடவைகளை இணையத்தின் வழியே தாமே விற்பது என்று துணிந்தார். கடன் வாங்கினார். அந்தக் கடனில் ஒரு நல்ல பகுதியைப் புகைப்படங்களுக்கென்று ஒதுக்கினார். படங்களை நானும் பார்த்தேன். மாலை நேரம், கடற்கரை, பொன்னிற ஒளி, அழகிய மங்கை ஒருத்தி நிற்க, முந்தி காற்றில் பறக்கிறது. சித்திரம்போல இருந்தன. வாங்குவோரும் மயங்கினர், பணம் வந்தது. ஆனால் இரண்டாவது மாதமே அனுப்பிய பொட்டலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வரத் தொடங்கின. "படத்தில் கண்ட நிறம் இதுவன்று" என்பதே பெரும்பாலோர் எழுதிய காரணம்.

திரும்பி வந்த பட்டுப் புடவை என்பது சிறிய செய்தியன்று. பிரித்து மடித்த புடவையில் முதல் மடிப்பின் மிடுக்கு இராது. வேறொருவர் வீட்டு அலமாரியின் வாசனை அதில் ஏறியிருக்கும். அதனைப் பழைய விலைக்கு விற்க இயலாது. அது விற்றால்தான் நெய்தவருக்கு அடுத்த பாவு வாங்கப் பணம் கிடைக்கும் என்ற நிலையில், ஒரு படத்தின் பிழை ஒரு குடும்பத்தின் தறியை நிறுத்திவிடுகிறது. அவர் ஒரு மூட்டையோடு என் வீட்டுக்கு வந்து அமர்ந்தார்.

"தம்பி, படம் எடுத்தவரிடம் நீ என்ன கேட்டாய்?" என்றேன்.

"நல்ல படங்களாக எடுத்துத் தாருங்கள் என்று கேட்டேன், ஐயா."

படம் எடுத்தவர்மீது குற்றம் சொல்வதற்கில்லை. கேட்டதை அவர் கொடுத்துவிட்டார். எதற்கு நல்ல படம், யாருடைய எந்த வினாவுக்கு விடையான படம் என்று அவரிடம் எவரும் சொல்லவில்லை.

புகைப்படக் கலை தோன்றிய காலத்திலேயே இந்த வினாவை எழுப்பியவர் ஒருவர் உண்டு. 1839-இல் இக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இங்கிலாந்தில் அதனைக் கண்டறிந்தவர்களுள் முதன்மையானவரான வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட், 1844 முதல் 1846 வரை ஒரு நூலைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். 'இயற்கையின் எழுதுகோல்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். அதில் 24 படங்கள் இருந்தன. மூன்றாவது படத்தில் அழகிய காட்சியோ பெரிய மனிதரோ இல்லை. நான்கு தட்டுகளில் வரிசையாக அடுக்கிய பீங்கான் பாத்திரங்களே இருந்தன. இத்தனை பாத்திரங்களையும் ஒவ்வொன்றாக எழுதிப் பட்டியலிட ஆகும் நேரத்தைவிடச் சற்றே கூடுதலான நேரத்தில் படம் பிடித்துவிடலாம் என்றும், பின்னர் ஒரு திருடன் அவற்றைக் கவர்ந்து சென்றால் இப்படத்தை வழக்கு மன்றத்தில் சான்றாகக் காட்டலாம் என்றும் டால்பட் விளக்கினார். பொருளைப் பற்றிய சாட்சி என்ற நிலையில் புகைப்படத்தை அவர் அன்றே கண்டுவிட்டார்.

நான்காவது படம் கண்ணாடிப் பாத்திரங்களைப் பற்றியது. அங்கே அவர் கூறிய நுட்பம் இன்றைக்கும் பொருந்துவது. வெண்பீங்கானையும் கண்ணாடியையும் ஒன்றாக வைத்துப் படமெடுத்தால் சரியாக வராது. பீங்கானின் வெண்மை மிகுதியால் அதன் உருவம் விரைவில் பதிந்து முடிந்துவிடும், கண்ணாடியின் உருவமோ அப்போது பாதிகூடப் பதிந்திராது என்றார். ஒவ்வொரு பொருளும் ஒளியைத் தனக்கே உரிய முறையில் வாங்கித் திருப்பித் தருகிறது. ஆகவே ஒவ்வொன்றுக்கும் உரிய விளக்கும் உரிய இடமும் வேறு. கண்ணாடிக் கடைக்குப் படம் எடுத்துப் பழகியவர் பட்டுக் கடைக்கும் அவ்வாறே எடுத்துவிடுவார் என்று எதிர்பார்ப்பது, கணக்கு ஆசிரியரை இலக்கணம் நடத்தச் சொல்வது போன்றது. சிலர் நடத்திவிடுவார்கள், நான் பார்த்திருக்கிறேன், ஆனாலும் அதனை நம்பிக் கால அட்டவணை போடலாகாது.

பட்டையே எடுத்துக்கொள்வோம். நம் கண் ஒரு விந்தையான கருவி. நண்பகல் வெயிலிலும் வெள்ளைத் தாள் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. இரவில் மஞ்சள் விளக்கின்கீழும் அதே தாள் வெள்ளையாகவே தெரிகிறது. மூளை கணக்குப் போட்டுத் திருத்திக்கொள்வதே காரணம். படக்கருவிக்கு அந்தத் திறமை அரைகுறையாகவே உண்டு. ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்னும் அலகால் குறிப்பர். நண்பகல் ஒளி ஏறத்தாழ 5500 கெல்வின். பழைய இழை விளக்கின் ஒளி 2700 முதல் 3000 வரை. மாலைக் கதிரவனின் ஒளியும் தாழ்ந்த எண்ணை உடையது. அதில் செம்மையும் மஞ்சளும் மிகுதி. அந்த ஒளியில் பச்சைப் புடவையை நிறுத்தினால் அதன்மேல் மஞ்சள் படரும். நீலம் மங்கிச் சாம்பல் சாயல் கொள்ளும். கடற்கரைப் படங்களில் நேர்ந்தது இதுவே. காட்சி அழகாயிற்று, நிறம் பொய்யாயிற்று.

இதற்கு மாற்று எளியது. தம் தொழிலை அறிந்த கலைஞர், தம்மீது விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பித் தரும் சாம்பல் நிற அட்டை ஒன்றைப் பொருளின் அருகில் வைத்து முதற்படம் எடுத்துக்கொள்வார். அந்த அட்டை படத்தில் நீலமோ மஞ்சளோ கலவாத சாம்பலாகத் தோன்றும்வரை நிறத்தைச் சரிசெய்து, அதே அளவை மற்றப் படங்களுக்கும் வைத்துக்கொள்வார். உங்கள் வணிகத்திற்குப் படம் எடுக்க வருபவர் அவ்வட்டையைப் பையிலிருந்து எடுத்தால், உங்கள் பணம் தக்க கையில் சேர்கிறது என்று கொள்ளலாம்.

ஆயினும் பட்டின் தொல்லை அட்டையோடு தீர்வதில்லை. மயில் கழுத்து நிறம் என்று சொல்கிறோமே, அது ஒரு நிறமன்று. பாவு ஒரு நிறம், ஊடை மற்றொரு நிறம். ஒரு கோணத்தில் நீலம் மேலோங்கும். மறு கோணத்தில் பச்சை மேலோங்கும். ஒரே படம் இதில் ஒன்றைத்தான் காட்டும். வாங்கியவர் வீட்டில் பிரித்துப் பார்க்கும்போது மற்றொன்று தெரிந்தால், "ஏமாற்றிவிட்டார்கள்" என்றுதான் எண்ணுவார். ஆகவே அத்தகைய புடவையை மடிப்புகள் விழும்படி வளைத்து வைத்து, ஒரே படத்தில் இரு நிறங்களும் தெரியுமாறு எடுக்க வேண்டும். அல்லது இரு கோணங்களில் இரண்டு படங்கள் தர வேண்டும். ஜரிகையோ இன்னும் பிடிவாதமானது. அது உலோகம், ஆகவே கண்ணாடியைப் போலத் தன் எதிரே உள்ளதையே காட்டும். எதிரே இருட்டறை இருந்தால் ஜரிகை கறுத்துப்போகும். நேரே மின்வெட்டொளியைப் பாய்ச்சினால் வெளிறிப் புள்ளி புள்ளியாய் எரியும். அதன் எதிரே ஒரு பெரிய வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டு, அத்துணியில் பட்டுத் திரும்பும் ஒளியை அதன்மேல் விழச் செய்தால் ஜரிகை ஜரிகையாகத் தோன்றும். அரக்கும் ராணி நிறமும் வேறொரு வகையில் இடர் தருவன. சிவப்பு மிகும்போது படக்கருவி திணறி, நெசவின் வரிகளையெல்லாம் ஒரே செந்நிறப் பரப்பாக்கிவிடும். அப்போது ஒளியைச் சற்றுக் குறைத்து எடுத்தல் வேண்டும்.

நிறத்திற்கு அடுத்தது நெசவு. கரையையும் உடலையும் வெவ்வேறு நிறத்தில் தனித்தனி நாடாக்களால் நெய்து, சேருமிடத்தில் இழையோடு இழை பின்னி இணைக்கும் முறைக்குக் கோர்வை என்று பெயர். மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். பக்கத்தில் துணைக்கு ஒருவர் அமர வேண்டும். இந்த உழைப்புக்குத்தான் விலை. தொலைவிலிருந்து எடுத்த கடற்கரைப் படத்தில் கோர்வைப் புடவைக்கும் சாதாரணப் புடவைக்கும் வேறுபாடே தெரியாது. அப்படியானால் அவ்வுழைப்புக்கு எவர் பணம் தருவார்? கரையை அருகிலிருந்து எடுத்த படம் ஒன்றும், புடவையின் உட்புறத்தைக் காட்டும் படம் ஒன்றும் கட்டாயம் வேண்டும். உட்புறத்தைக் காட்டத் தயங்கும் வணிகரைப் பற்றி மூதாட்டி என்ன நினைப்பார் என்பது உங்களுக்குத் தெரியும்.

வெண்மையான பின்னணியில் பொருளைத் தனியே வைத்து எடுக்கும் படம் இன்று இணையச் சந்தைகளில் மிகுதி. அமேசான் நிறுவனம் ஒரு பொருளின் முதற்படத்திற்குத் தூய வெண் பின்னணியே வேண்டும் என்றும், படச்சட்டத்தில் 85 சதவீதத்தைப் பொருளே நிரப்ப வேண்டும் என்றும் விதித்திருக்கிறது. கலை நோக்கில் இது வறண்ட படம்தான். ஆனால் பத்துப் பொருள்களை அடுத்தடுத்து வைத்து ஒப்பிடும் வாங்குவோருக்கு அந்த வறட்சியே உதவி. பொருளுக்கு வெளியே கண் செல்ல வேறு இடமில்லை. இப்படத்தைப் பெரிய செலவின்றி, வெயில் நேரே விழாத சன்னலருகே, இக்காலக் கைப்பேசியாலேயே கூடப் பழகி எடுத்துவிடலாம். பணத்தை இதில் சேமித்து, கைப்பேசியால் இயலாத படங்களுக்குச் செலவிடுவது அறிவுடைமை.

பொருளை ஒருவர் பயன்படுத்துவது போன்ற படம் வேறு வகை. கடற்கரையில் நின்ற மங்கையின் படம் இவ்வகையைச் சேர்ந்ததே. அது வேண்டாத படம் என்று நான் சொல்லவில்லை. உடுத்தினால் எவ்வாறு விழும், முந்தி எதுவரை வரும், கரை எவ்வளவு அகலம் என்பவற்றை அதுவே காட்டும். விருப்பத்தை எழுப்புவதும் அதுவே. ஆனால் விருப்பம் எழுந்தபின் வாங்குவோர் உள்ளத்தில் ஐயங்கள் எழும். அவற்றுக்கு விடைகூறும் படங்கள் இல்லாதபோது, அவர் தம் கற்பனையால் விடை கூறிக்கொள்கிறார். என் மாணவருடைய பொட்டலங்கள் திரும்பி வந்தது அதனாலேயே.

இனி, தொழில் நடைபெறும் இடத்தையும் உழைப்போரையும் காட்டும் படங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் பலர் அவற்றை அலங்காரம் என்று கருதிவிடுகின்றனர். ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் உருக்காலை நடத்திய ஆல்பிரட் க்ரூப், 1861-லேயே தம் ஆலைக்குள் தனியாக ஒரு புகைப்படப் பிரிவை நிறுவினார். பல நாட்டு அரசுகளுக்கும் இருப்புப்பாதை நிறுவனங்களுக்கும் பொருள்களை விற்ற அவருக்கு, வாங்குவோர் அனைவரையும் எஸ்ஸனுக்கு அழைத்துவருதல் இயலாது. ஆகவே ஆலையைப் படமாக்கி அவர்களிடம் அனுப்பினார். 1867-இல் பாரிஸ் கண்காட்சிக்காகப் படம் எடுக்கச் சொன்னபோது, வேலை நாட்களில் புகையும் ஆவியும் பரபரப்பும் மிகுதி என்பதால் ஞாயிற்றுக்கிழமையில் எடுக்குமாறு அறிவுறுத்தினார். படத்தில் நிற்பதற்கென்றே நூற்றுக்கணக்கான தொழிலாளரை வரவழைக்கவும் கருதினார். அந்த அளவுக்கு ஒழுங்கு செய்த படம், ஆலையின் பெருமையைக் காட்டியிருக்கும். அங்கே ஒரு திங்கட்கிழமை எப்படியிருக்கும் என்பதைக் காட்டியிராது.

அறுபது ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் மார்கரெட் பர்க்-ஒயிட் என்னும் இளம்பெண் கிளீவ்லாந்து நகரின் ஓட்டிஸ் உருக்காலைக்குள் நுழைந்தார். 1927-28 குளிர்காலம் அது. உருகிய எஃகின் ஒளி கண்ணைக் கூசச் செய்தது. ஆயினும் படச்சுருளில் ஒன்றுமே பதியவில்லை. அக்காலத்துச் சுருள் சிவப்பு ஒளியை உணராதது என்பதே காரணம். பல இரவுகள் தோற்ற பிறகு, மக்னீசியத் தீவட்டிகளை ஏற்றி அவ்வெண்ணிற ஒளியில் எடுத்து வென்றார். 1930-இல் தொடங்கிய ஃபார்ச்சூன் என்னும் வணிக இதழ் அவரை ஏற்றுக்கொண்டது. தொழிற்சாலைப் படத்திற்கு அத்தொழிலின் இயல்பை அறிந்த ஒருவர் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. நம் நாட்டில் பம்பாயில் வாழ்ந்த மித்தர் பேடி ஆலைகளையும் எந்திரங்களையும் படம் பிடிப்பதையே தம் வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டு பெயர் பெற்றார்.

தறி ஓடும் வீடு உருக்காலையன்று. எனினும் அங்கும் இருட்டு உண்டு. குழித்தறியில் அமர்ந்தவரின் இடுப்புக்குக் கீழே நிழல்; மேலே ஓட்டின் இடுக்கில் ஒரு கீற்று வெயில். இந்த இருட்டைப் போக்குவதற்காக விளக்குகளை நிறைத்து, நெசவாளருக்குப் புதுச் சட்டை அணிவித்து, சிரிக்கச் சொல்லிப் படமெடுத்தால், அது க்ரூப்பின் ஞாயிற்றுக்கிழமை ஆகிவிடும். மூதாட்டி கேட்ட "எந்த ஊர்த் தறி?" என்ற வினாவுக்கு அது விடையாகாது. கை நாடாவைத் தள்ளும் நொடி, கால் மிதியில் அழுந்தும் நிலை, கோர்வைக்குத் துணையிருப்பவரின் கண் — இவற்றை எடுக்க ஒரு பகல் முழுவதும் தறியருகே பொறுமையாக அமர்ந்திருக்கும் கலைஞர் வேண்டும். மேலும் ஒன்று. அந்த நெசவாளரின் முகத்தை உலகெங்கும் அனுப்பப் போகிறோம். அவரிடம் அதனைச் சொல்லி, அவர் இசைந்த பின்னரே எடுக்க வேண்டும். முகம் அவருடையது, வணிகம்தான் நம்முடையது.

உரிமையாளரின் தனிப்படத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வழக்கறிஞர், மருத்துவர், ஆசிரியர் போல, வருவோர் ஆளையே நம்பி வரும் தொழில்களில் அது முதன்மையானது. புடவைக் கடைக்கு ஒன்று இருந்தால் போதும். ஆண்டு விழாப் படங்களும் பரிசளிப்புப் படங்களும் நடத்தியவர்களுக்கு மட்டுமே மகிழ்ச்சி தருவன. தலைமையாசிரியனாக இருந்து இவற்றுள் பலவற்றில் நானே நடுநாயகமாக அமர்ந்திருக்கிறேன் என்பதால் துணிந்து சொல்கிறேன்.

பட்டை விட்டு வேறு தொழில்களுக்குச் செல்வோம். கோயம்புத்தூரில் நீரேற்றும் பம்பு செய்பவரிடம் அதனை வாங்குபவர் பெரும்பாலும் பொறியாளர் அல்லது விவசாயி. அவருக்கு எந்திரத்தின் மேல் பொறித்த திறன் தகடு படத்தில் எழுத்தெழுத்தாகத் தெரிய வேண்டும். குழாய் இணையும் வாய் தெரிய வேண்டும். அளவு தெரிய வேண்டும். பின்னணியில் பசுஞ்சோலை இருந்தால் அவருக்கு ஒன்றுமில்லை. தங்கும் விடுதி நடத்துபவரின் நிலை வேறு. அகன்ற கோண வில்லையைப் பொருத்தி அறையின் மூலையிலிருந்து எடுத்தால் சிறிய அறை கூடம்போல் தோன்றும். விடுதிக்காரர்கள் அதனை விரும்புவர். ஆனால் படத்தைப் பார்த்து நான்கு பேருடன் வந்து இறங்கிய குடும்பத்தலைவர், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே பெட்டியை வைக்க இடமின்றித் தவிக்கும்போது, படத்தின் சூழ்ச்சி வெளிப்பட்டுவிடும்.

உணவுப் படத்தில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி உலகப் புகழ் பெற்றது. அமெரிக்காவின் கேம்பெல் நிறுவனம் 1960-களின் இறுதியில் தன் காய்கறி ரசத்திற்கு விளம்பரப் படம் எடுத்தது. கிண்ணத்தில் ஊற்றி வைத்தால் காய்த்துண்டுகள் அடியில் தங்கிவிடும்; மேலே வெறும் நீர்தான் தெரியும். அதனால் கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிக்குண்டுகளைப் போட்டார்கள். காய்கள் மேலே வந்து நின்றன. ரசத்தில் காய்கள் மெய்யாகவே இருந்தன. படமும் மெய்யான ரசத்தையே காட்டியது. ஆயினும் கண்டவர் உள்ளத்தில் பதிந்தது பொய். அந்நாட்டுக் கூட்டாட்சி வணிக ஆணையம் தலையிட்டது. 1970-இல் அந்நிறுவனம் இவ்வழக்கத்தைக் கைவிட இசைந்தது. இதை வகுப்பில் சொன்னால் மாணவர்கள் இரு கட்சியாகப் பிரிந்து வாதிடுவார்கள். காய்களைத் தெரியச் செய்வது குற்றமா என்பது ஒரு கட்சி. எத்தனை காய்கள் என்ற வினாவுக்குப் படம் தவறான விடை கூறியது என்பது மறு கட்சி. நான் இரண்டாம் கட்சியைச் சேர்ந்தவன்.

நம் நாட்டிலும் சட்டம் இதனைக் கருதியிருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2020-இல் மின்வணிக விதிகள் வந்தன. ஒரு பொருளைப் பற்றிய விவரமும் படமும் அதன் தோற்றம், இயல்பு, தரம் ஆகியவற்றோடு ஒத்திருக்கும் என்று, இணையச் சந்தை நடத்துபவர் விற்பவரிடம் உறுதிமொழி பெறவேண்டும் என்பது அவ்விதிகளுள் ஒன்று. ஆக, படம் ஒரு வாக்குறுதி என்பது இன்று அறநூல் கருத்து மட்டுமன்று. கணினியிடம் சொன்னால் அதுவே புடவை உடுத்திய பெண்ணைப் படைத்துத் தந்துவிடும் காலம் இது. செலவு குறைவுதான். ஆனால் அந்தப் படத்தில் உள்ள புடவையை எந்தத் தறியும் நெய்யவில்லை. அதன் கரையில் கோர்வை இருப்பதுபோல் தோன்றினால் அது கணினியின் யூகம். வாழ்த்து அட்டைக்கு அது போதும். விற்பனைப் பொருளுக்கு அதைப் பயன்படுத்தும் வணிகர், தாமே காணாத ஒன்றுக்குச் சாட்சி சொல்கிறார்.

கலைஞரைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய சிறந்த படங்களைக் காட்டுமாறு கேட்பது வழக்கம். உங்கள் பொருளைப் போன்ற பொருளை அவர் எடுத்த படங்களைக் காட்டுமாறு கேளுங்கள். திருமணப் படங்களில் தேர்ந்தவர் பலருக்கு ஜரிகையின் பிடிவாதம் பழகியிராது. அவரிடம் செல்லுமுன், வாங்குவோர் கேட்கும் வினாக்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரேயும் எந்தப் படம் விடையாகும் என்று குறித்துக்கொள்ளுங்கள். வினா இல்லாத படத்துக்குப் பணம் தர வேண்டாம். படங்கள் யாருக்கு உரிமை என்பதையும் முன்னரே எழுத்தில் முடித்துக்கொள்ள வேண்டும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் பணம் கொடுத்துத் தமக்கென எடுக்கச் சொன்ன புகைப்படத்திற்கு, மாறான ஒப்பந்தம் இல்லாவிடில், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். மாறான ஒப்பந்தம் இருக்கலாம் என்பதால்தான், கையெழுத்திடுமுன் படித்துப் பாருங்கள் என்கிறேன். கலைஞருக்கும் தம் படங்களைத் தம் திறமைக்குச் சான்றாக வைத்துக்கொள்ள ஆசை இருக்கும். அதனை மறுப்பது சிறுமை.

என் மாணவர் அவ்வாறே தாளில் எழுதினார். கடற்கரைக்குப் படமெடுத்த அதே கலைஞரிடமே மீண்டும் சென்றார். அது எனக்குப் பிடித்திருந்தது. இம்முறை வினாக்களைப் பார்த்ததும் அந்தக் கலைஞர், "இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே!" என்றாராம். இரண்டு நாட்கள் வடக்குப் பார்த்த சன்னலருகே வேலை நடந்தது. ஒவ்வொரு புடவைக்கும் முழுப்படம், முந்தி, கரை, உட்புறம், மடிப்பில் நிறம் மாறும் படம் என்று எடுத்தார்கள். உடுத்திய படத்திற்கு வீட்டு மருமகளே நின்றார். தறிப் படங்களை வேறொரு நாள் தனியே எடுத்தனர். புடவை எடுப்பதை மாணவரும் கற்றுக்கொண்டார். புதிய புடவைகளைத் தாமே எடுத்துவிடுகிறார்.

அவற்றை ஒருநாள் அவருடைய மாமா முறையான முதிய நெசவாளரிடம் கைப்பேசியில் காட்டியபோது நானும் உடனிருந்தேன். உடுத்திய படத்தை அவர் பொருட்படுத்தவில்லை. முந்தியைப் பார்த்துத் தலையசைத்தார். உட்புறப் படம் வந்ததும் கைப்பேசியை வாங்கிக்கொண்டார். விரல்களால் பெரிதாக்கிக் கரையோரமாகவே பார்த்துக்கொண்டு போனார். "இது தீபாவளிக்கு முன்னால் நம் தறியில் அறுத்ததுதானே?" என்று கேட்டார். மாணவர் ஆமென்றார். பிறகும் அவர் கைப்பேசியை உடனே திருப்பித் தரவில்லை.

பொட்டலங்கள் திரும்புவது முழுவதும் நின்றுவிடவில்லை. குறைந்திருக்கிறது. அரக்கு நிறத்துக்கு மட்டும் இன்றும் தகராறு உண்டு. வாங்குவோரின் கைப்பேசித் திரை ஒவ்வொன்றும் அந்நிறத்தை ஒவ்வொரு விதமாகக் காட்டுகிறது. அதற்குப் படம் எடுத்துப் பயனில்லை என்று கண்ட என் மாணவர், தாரில் மிஞ்சிய ஊடை நூலில் ஒரு முழத்தை அஞ்சல் உறையில் இட்டு, கேட்பவர்களுக்குப் புடவைக்கு முன்னால் அதனை அனுப்பி வைக்கிறார்.